வாய்க்காலுக்கு மேலே: சாலக்குடி ஆற்றோடு ஐந்து நாள்

எங்கள் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் வருகிறது. அந்த வாய்க்காலுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று நாற்பது வயது வரைக்கும் நான் யாரையும் கேட்டதில்லை. மண்டலம், சுற்று, மடை, கடைமடைக்காரன் புலம்பல், ராத்திரியில் வாய்க்காலில் மோட்டார் வைத்து இழுப்பவன் மேல் சாபம், இவ்வளவுதான் எங்கள் வீட்டில் ஆற்றைப் பற்றிய பேச்சு. ஆறு என்ற சொல்லே வராது.

2022 செப்டம்பர் 21 அன்று நள்ளிரவு தாண்டி பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து, விநாடிக்கு கிட்டத்தட்ட 20,000 கன அடி தண்ணீர் பாய்ந்து போனது. டிவியைப் பார்த்து அப்பா சாப்பிடவே இல்லை. நான் கோபத்தில் முகநூலில், "நம்ம தண்ணி பூராவும் வீணா கேரளாவுக்குப் போகுது" என்று எழுதினேன். சாலக்குடியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தட்டுத்தடுமாறிய தமிழில் பதில் போட்டார். வீணாய்ப் போனது தன் வீட்டுப் பக்கமாகத்தான் போனது, விடிவதற்குள் மைக் கட்டி எல்லாரையும் எழுப்பினார்கள், 2018 வெள்ளத்தின் ஞாபகத்தில் வயதான அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன் என்று. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை, அதனால் எனக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சாலக்குடிப் புழ சம்ரக்ஷண சமிதியோடு (ஆற்றைக் காக்கும் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வெகுநாளாக இருப்பவர். மாஷ் என்று கூப்பிடச் சொன்னார். இரண்டு வருடமாக "ஒருமுறை வந்து ஆற்றைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தத் தை மாதம்தான் கிளம்ப முடிந்தது.

ஜனவரி 30, 2025, வியாழன். பொள்ளாச்சி – வால்பாறை

40 கொண்டை ஊசி வளைவு. பதினெட்டாவதில் முன்சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான், இருபத்தி மூன்றில் அவன் அம்மா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த என் சட்டையின் வலது கை மட்டும் பிழைத்தது. அந்தம்மா மன்னிப்புக் கேட்டு ஒரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். அதை வாங்காவிட்டால் தப்பாகிவிடும், வாங்கினால் தின்ன முடியாது. பையில் போட்டுக்கொண்டேன்.

வால்பாறையில் பெரியம்மா மகன் இருக்கிறான், எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். அவன் குவார்ட்டர்ஸில்தான் ராத்தங்கல். சாயங்காலம் ஆறு மணிக்கே பல் தந்தியடிக்கிற குளிர். அண்ணி வைத்த கொள்ளு ரசத்தை மூன்று டம்ளர் குடித்தேன்.

காலையில் ஆபீஸ் வாசலில் இருக்கிற மழைமானியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவது அவன் வேலைகளில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எஸ்டேட்டுகளில் இந்தப் பழக்கம் விடவில்லை, இன்றும் பல இடத்தில் அங்குலமும் சென்ட்டும்தான் (அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு) கணக்கு. பழைய நோட்டைப் புரட்டிக் காட்டினான். ஜூன், ஜூலைப் பக்கங்கள் எண்களால் அடைத்துக் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்குகிற சின்னக்கல்லாறு பக்கத்தில்தான். "இதையெல்லாம் எழுதி யாருக்குக் குடுப்ப?" என்றேன். "யாருக்கும் இல்ல. ஆடிட்டுக்கு வர்றவங்க பார்ப்பாங்க. கொழுந்து கம்மியாச்சுன்னா மேனேஜர் பார்ப்பார்" என்றான். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 31, வெள்ளி. சோலையாறு – மலக்கப்பாறை – காட்டுச் சாலை

சோலையாறு அணை. 105 மீட்டர் உயரம், முழுக்கொள்ளளவு என்று பேப்பரில் படிக்கிற அந்த 160 அடி. மேலே நின்று பார்த்தால் ஏரி அமைதியாக இருக்கிறது, தண்ணீருக்கும் தேயிலைக்கும் நடுவில் சிவப்பு மண் கோடு. போன் போட்டேன். அப்பாவின் முதல் கேள்வி: "எத்தன அடி இருக்குது சாமி?" கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று நான் கையால் காட்டிக்கொண்டிருந்தேன், போனில்.

இந்த இடத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே இப்போதுதான் விளங்கியது. மேற்கே போக வேண்டிய தண்ணீரை இங்கே நிறுத்தி, ஒரு பங்கை மலையைக் குடைந்து பரம்பிக்குளத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தூணக்கடவு, சர்க்கார்பதி, மலையடிவாரத்துக் காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணை, அப்புறம் எங்கள் மடை. திருமூர்த்தியின் 3.77 லட்சம் ஏக்கர் பாசனம் இதை நம்பித்தான், அதுவும் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான். இன்னொரு பங்கு கீழே கேரளாவின் சோலையாறு அணைக்கு. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல், நடைமுறைக்கு வந்த தேதியை மட்டும் 1958 நவம்பர் என்று பின்தேதியிட்டார்கள். ஆக, இது சாலக்குடி ஆற்றின் தலைப்பக்கம். நான் குடித்து வளர்ந்த இளநீரில் பாதி இந்த ஆறுதான். பி.ஏ.பி.யில் "பி" பரம்பிக்குளம், "ஏ" ஆழியாறு என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். பரம்பிக்குளம் ஒரு ஆறு, அது சாலக்குடி ஆற்றின் கிளை, அந்த ஆற்றுக்குக் கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

மலக்கப்பாறையில் பஸ்ஸைத் தவறவிட்டேன். தப்பு என்னுடையது. புட்டும் கடலைக்கறியும் (50 ரூபாய்) நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது புட்டு சொன்னேன், அது வேகிற நேரத்தில் பஸ் போய்விட்டது. கடைக்காரச் சேச்சி அடுப்படியிலிருந்தே "அய்யோ, அதில் போகணும்னு சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பேனே" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். அடுத்த பஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இரண்டு டீ, ஒரு பழம்பொரி, ஒரு மலையாளப் பேப்பரில் படம் மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அந்த பஸ்ஸும் வராவிட்டால் என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள் என்றார். இரண்டாவது புட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம், "அதால்தானே பஸ் போச்சு" என்று.

செக்போஸ்ட்டில் பையைச் சோதித்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். ஆரஞ்சுப்பழம் பிழைத்தது.

மலக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காடு என்றால் காடு, நடுவில் ஒரு மின்கம்பமும் ஆதிவாசிக் குடியிருப்பும் வந்து போகும். ஈட்டி, மூங்கில், பெயர் தெரியாத மரங்களில் பெயர் தெரியாத கொடிகள். 2022 நவம்பரில் இதே சாலையில் தனியாகத் திரிகிற கொம்பன் யானை ஒன்று எதிரே வந்து நிற்க, ஒரு பஸ்ஸை டிரைவர் 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், எல்லாரும் என்னிடம் சொன்னார்கள், ஆளாளுக்குத் தூரம் கூடிக்கொண்டே போனது. எங்களுக்கு ரிவர்ஸ் வாய்க்கவில்லை. ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டோரம் மூங்கில் உடைத்துக்கொண்டிருந்தன, டிரைவர் இன்ஜினை அணைத்தார், இருபத்தைந்து நிமிடம் பஸ்ஸில் மூச்சுச் சத்தம்தான். ஒரு போன் அடித்தது. என் போன். அப்பா. எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

பிப்ரவரி 1, சனி. வாழச்சால் – அதிரப்பள்ளி

ராத்திரி தங்கிய அறையைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. 1,200 ரூபாய், வெந்நீர் உண்டு என்றார்கள், வந்தது மஞ்சள் தண்ணீர். சரி, விடுங்கள்.

மாஷ் காலை எட்டு மணிக்கே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். எழுபதை நெருங்கும் வயது, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் தொப்பி. நேரில் பார்த்ததும் கட்டிப்பிடிப்பாரா கைகொடுப்பாரா என்று யோசித்து வைத்திருந்தேன், அவர் கேட்டது "காலைச் சாப்பாடு ஆயிற்றா?" ஆகவில்லை. கப்பையும் மீன்கறியும், 110 ரூபாய். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தார்கள். நேற்று அறையில் வந்த தண்ணீரின் தம்பி என்று நினைத்துத் தொடவே இல்லை. பதிமுகம் என்ற மரத்தின் கட்டைத் துண்டு போட்டுக் காய்ச்சியது, எல்லாக் கடையிலும் இதுதான் என்று மாஷ் விளக்கினார். ஒருமுறை பழகிவிட்டால் வெறும் தண்ணீர் சப்பென்று இருக்கிறது.

முதலில் வாழச்சால். அருவி என்று போர்டு, ஆனால் ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துச் சரிந்து ஓடுகிற இடம் அது. பக்கத்தில் காடர் என்ற ஆதிவாசிகளின் குடியிருப்பு. மாஷுக்குத் தெரிந்த ஒரு அக்கா வாசலில் காட்டு மஞ்சளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியவில்லை, ஆனால் முழுக்கப் புரிந்தது. மாஷ் பேசும் மலையாளம் எனக்குப் பாதிதான் புரியும், இந்த அக்காவுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

"எங்க பாட்டி பரம்பிக்குளத்துல இருந்தாங்க. டேம் வந்துச்சு, இறங்கினாங்க. பெரிங்கல்குத்துல ஒரு டேம், சோலையாறுல ஒரு டேம். இங்கயும் ஒண்ணு வருதுன்னா நாங்க எங்க போறது, டவுனுக்கா?"

அந்த "இங்கயும் ஒண்ணு"தான் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம். 163 மெகாவாட். வாழச்சாலுக்குக் கொஞ்சம் மேலே 23 மீட்டர் உயரத்தில் ஒரு அணை, 138 ஹெக்டேர் காடு போகும், வாழச்சாலும் பொகலப்பாறையும் ஆகிய இரண்டு காடர் குடியிருப்புகள் பாதிக்கப்படும். 1998ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது, மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று 2001ல் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2005ல் மறுபடி அனுமதி, 2006ல் மறுபடி நீதிமன்றம் ரத்து செய்தது. 2007ல் மூன்றாவது தடவை அனுமதி. மாஷ் இதைச் சொல்லும்போது விரல் மடக்கி எண்ணவில்லை, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வது மாதிரி சொன்னார்.

சமிதி செய்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி கோஷம் போட்டது அல்ல. அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மின்வாரியம் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வருகிறது, இவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்றது. இவர்கள் அரங்காலியில் ஆற்றை அளக்கிற நிலையத்தின் கணக்கையும், மேலே உள்ள அணைகளின் கணக்கையும், தமிழ்நாட்டுக்குத் திருப்பப்படுவதையும் வைத்துக் கூட்டிக் கழித்து, அவ்வளவு தண்ணீர் ஆற்றிலேயே இல்லை என்று எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர் லதா அனந்தா. வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கு வந்தார், திருச்சூரில் நதி ஆய்வு மையத்தை நடத்தினார். 2017 நவம்பரில் புற்றுநோயில் போய்விட்டார். மாஷ் அவர் பெயரைச் சொன்னபோதெல்லாம் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கா வீட்டில் கட்டன்சாயா குடித்தபோது இன்னொன்று தெரிந்தது. இந்தக் காட்டில் இருவாச்சிப் பறவை நான்கு வகை உண்டு. காடர்களுக்குத்தான் கூடு எந்த மரத்தில் என்று தெரியும். ஒரு காலத்தில் குஞ்சை எடுத்தவர்களே இப்போது வருடாவருடம் கூடுகளைக் காவல் காத்துக் கணக்கெடுக்கிறார்கள். 2014ல் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சேர்த்து வன உரிமைச் சட்டத்தில் சமூக உரிமை கிடைத்தது, கிட்டத்தட்ட 400 சதுர கிலோமீட்டர் காடு. "இப்ப எங்களக் கேக்காம ஒரு கல்லு நகத்த முடியாது" என்றார் அக்கா. பிறகு யோசித்து, "கேக்காம நகத்துனா நாங்க போய்க் கேப்போம்" என்று திருத்தினார்.

மத்தியானம் அதிரப்பள்ளி. 80 அடி. ஒரு பழைய தமிழ்ப்படத்தின் பெயரில்தான் நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த அருவி தெரியும், தற்கொலைப் பாறை எங்கே என்று காதல் ஜோடிகள் தமிழில் கேட்டுக்கொண்டு திரிகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டம். குரங்கு ஒன்று என் பையைத் திறந்து ஆரஞ்சுப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து மூன்று நாள் சுமந்த பழம், உரியவரிடம் சேர்ந்தது.

கீழே, சாரல் முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றபோது மாஷ் சொன்னார். அணை கட்டினாலும் அருவி இருக்கும் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்களாம், விநாடிக்கு 7.65 கனமீட்டர் தண்ணீர் அருவிக்கென்று விடுவார்களாம். நான் எங்கள் மடையை நினைத்தேன். பலகையை இத்தனை அங்குலம் தூக்கினால் இத்தனை தண்ணீர். ஒரு அருவிக்கு மடை வைப்பதை எந்த இன்ஜினியர் எந்த மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்?

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011ல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று எழுதியது. அதற்குப் பிறகும் அது சாகவில்லை. 2020ல் கூட மாநில அரசு ஏழு வருடத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது. 2021ல்தான், ஒருமித்த கருத்து இல்லாததால் கைவிடுகிறோம் என்று மின்துறை அமைச்சர் சட்டசபையில் சொன்னார். "முடிந்ததா மாஷே?" என்றேன். "ஃபைலுக்கு ஆயுள் அதிகம்" என்று சிரித்தார்.

பேச்சோடு பேச்சாக, "இன்று என்ன தேதி?" என்றார். பிப்ரவரி ஒன்று. "ஒப்பந்தப்படி செப்டம்பர் ஒன்றும் பிப்ரவரி ஒன்றும் கேரளா சோலையாறு நிரம்பி இருக்கணும். உங்கள் ஊர்க்காரர்கள் நிறைத்துக் கொடுக்கணும். நேற்று அந்த வழியாகத்தானே வந்தீர்கள், நிறைந்திருந்ததா?" நான் யானையைப் பார்த்தேன், ஏரியைப் பார்க்கவில்லை. எங்கள் அணையில் எத்தனை அடி என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறியவன், இருபது கிலோமீட்டருக்குள் இருந்த அடுத்த அணையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

பிப்ரவரி 2, ஞாயிறு. தும்பூர்முழி – சாலக்குடி

வெயில். பிப்ரவரி ஆரம்பத்திலேயே சட்டை முதுகில் ஒட்டுகிறது, வால்பாறைக் குளிர் போன ஜென்மம் மாதிரி இருக்கிறது.

தும்பூர்முழியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை, இரண்டு கரையிலும் வாய்க்கால். 1950களில் வந்தது. சுமார் 14,000 ஹெக்டேருக்குப் பாசனம். தொங்குபாலத்தில் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுக்கிறார்கள், நாங்கள் இருவர் மட்டும் வாய்க்கால் தலைப்பில் குத்தவைத்துத் தண்ணீரைப் பார்த்தோம். இது என் பாஷை. தலைமடை, கடைமடை எல்லாம் இங்கேயும் அதே சண்டைதான், கடைசியில் இருப்பவனுக்கு ஈரம் மட்டும் வரும். "ராத்திரியில் மோட்டார்?" என்றேன். "உண்டு உண்டு" என்றார் மாஷ். ஊர் விட்டு ஊர் வந்து ஒரே திருடனைப் பற்றிப் பேசுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

ஆனால் இவர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு தொல்லை. மேலே பெரிங்கல்குத்து மின்நிலையம். ஊரெல்லாம் லைட் போடுகிற சாயங்காலத்தில் மின்சாரம் அதிகம் வேண்டும், அப்போது டர்பைனுக்குத் தண்ணீர் கூடுகிறது. பகலில் குறைகிறது. ஆகவே கோடையில் ஆறு ஒரே நாளில் ஏறுகிறது, இறங்குகிறது. ராத்திரி வருவது தடுப்பணைக்கு மேலே வழிந்து போய்விடும், பகலில் வாய்க்காலுக்குப் போதாது. கணக்குப்படி ஒரு நாளுக்கு உண்டான தண்ணீர் வந்துவிட்டது, அதிகாரியைக் கேட்டால் தாளைக் காட்டுவார். பாறை இடுக்கில் முட்டையிட்ட மீனுக்கு அந்தத் தாளால் என்ன பயன்? இந்த ஆற்றில் நூற்றுக்கு மேல் மீன்வகை பதிவாகியிருக்கிறது, ஒரு சிவப்புக் கோட்டு மீனுக்கு 1999ல் சாலக்குடி என்றே அறிவியல் பெயர் வைத்தார்கள், தொட்டியில் வளர்க்க அதைப் பிடித்தே காலி செய்கிறார்கள் என்பது தனிக்கதை.

புது அணை வேண்டாம் என்பதைவிட, இருக்கிற அணைகளைத் திறந்து மூடும் நேரத்தை மாற்றுங்கள் என்பதைத்தான் சமிதிக்காரர்கள் விடாமல் கேட்டு வருகிறார்கள். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக விடுங்கள். மழைக்காலத்தில் முழுக்க நிரப்பி வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் திறக்காதீர்கள். இதில் தமிழ்நாடு, கேரளா என்ற பேதமும் பார்ப்பதில்லை. கேரளாவே இந்த ஆற்று வெள்ளத்தில் ஒரு பங்கை இடமலையாறு பக்கம் திருப்புகிறது, அதையும் கேட்கிறார்கள். நான் வரும்போது என்னமோ எங்கள் பி.ஏ.பி.யைத்தான் திட்டப்போகிறார் என்று பதில்களோடு தயாராக வந்திருந்தேன்.

மாஷின் வீடு சாலக்குடி ஊருக்குள், ஆற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். வரவேற்பறைச் சுவரில் என் தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு, 2018 ஆகஸ்ட். அந்த ஆகஸ்டில் பெரிங்கல்குத்து அணையின் மேலாகவே தண்ணீர் வழிந்தது, மரம் மரமாக வந்து அணையில் சிக்கியது. மாஷ் வீட்டில் இரண்டு நாள் மாடியில் எட்டுப் பேரும் பக்கத்து வீட்டு ஆடும். சுண்ணாம்பு அடித்தபோது அந்த ஒரு கோட்டை மட்டும் அடிக்கவிடவில்லையாம் அவர் மனைவி. "ஒவ்வொருத்தரும் வந்து நம்பாம பாக்கறாங்க, அதுக்குத்தான்" என்றார் சேச்சி.

மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. மட்டையரிசிச் சோறு, மோர்க்குழம்பு மாதிரி ஒன்று, பயறு மெழுக்குப்புரட்டி, மத்தி வறுவல். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிப்பதா, தட்டை நானே கழுவுவதா என்று குழம்பி நின்றேன், சேச்சி தட்டைப் பிடுங்கிக்கொண்டார். தேங்காய் எண்ணெய் இரண்டு நாளாக வயிற்றைப் புரட்டியது உண்மை. தென்னந்தோப்புக்காரன் இதை வெளியே சொல்லக்கூடாது.

சாயங்காலம் அவர் ஒரு விஷயம் கேட்டார், தயங்கித் தயங்கி. மேலே எவ்வளவு மழை பெய்கிறது என்பது எங்களுக்குத் தெரிய நேரமாகிறது. கேரளப் பக்கத்து மழை தெரிகிறது, வால்பாறைப் பக்கம் தெரிவதில்லை. யாராவது தெரிந்தவர் உண்டா?

எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. உடனே பெரியம்மா மகனுக்கு போன் போட்டேன். "மேனேஜரக் கேக்கணும்டா" என்றான். பிறகு, "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவார். போட்டோ எடுத்து அனுப்பறேன், எஸ்டேட் பேரு தெரியாம" என்றான்.

பிப்ரவரி 3, திங்கள். இளந்திக்கரை, திரும்புதல்

காலையில் ஆறு முடியும் இடத்துக்கு. இளந்திக்கரையில் சாலக்குடி ஆறு பெரியாற்றில் சேர்கிறது. தலையிலிருந்து வால் வரை 145 கிலோமீட்டர், நான் ஐந்து நாளில் வந்ததைத் தண்ணீர் எத்தனை நாளில் வரும் என்று தெரியவில்லை, வழியில் அதை யார் யார் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அருவி, பாறை, நுரை ஒன்றும் இல்லை. அகலமாக, சோம்பலாக, ஆகாயத்தாமரை மிதக்கும் பச்சைத் தண்ணீர். பெரிதாக ஏதோ இருக்கும் என்று வந்து ஏமாந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டீக்கடையில் (டீ 12 ரூபாய், போண்டா நேற்றையது) ஒரு பெரியவர், கோடையில் மேலேயிருந்து தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு ஆற்றில் ஏறிவிடும், கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்றார். கணக்கன்கடவில் ஷட்டர் வைத்து உப்பைத் தடுக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டார். பொள்ளாச்சி என்றதும் "ஓ, தண்ணி எடுக்கிறவங்க" என்றார், கோபமில்லாமல், "ஓ, காங்கேயமா, மாட்டுக்காரங்க" என்று நாம் சொல்வோமே, அப்படி. டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார். நான் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

சாலக்குடி பஸ் ஸ்டாண்டில் மாஷ் வந்து வழியனுப்பினார். கையில் ஒரு பொட்டலம், சேச்சி வறுத்த ஏத்தங்காய் சிப்ஸ். திருச்சூர், பாலக்காடு வழியாகத் திரும்பினேன், மறுபடி அந்த 40 வளைவுக்குத் தைரியம் இல்லை. வடக்கஞ்சேரி தாண்டியதும் அப்பா கூப்பிட்டார். சோலையாற்றில் எத்தனை அடி என்று அன்றைக்குச் சொன்னேனே, அதை வைத்துப் பாசன சபைத் தலைவரிடம் பேசியிருக்கிறார். "நம்ம மண்டலத்துக்கு ரெண்டு சுத்து வருமாம். நீ வேற எதும் கேட்டியா அங்க?"

"நிறையக் கேட்டேன்பா. வந்து சொல்றேன்" என்றேன்.

கோயம்புத்தூர் ரோட்டில் ஏறும்போது போனில் ஒரு போட்டோ வந்தது. பெரியம்மா மகன். கோடு போட்ட நோட்டு, அவன் கையெழுத்து, மேலே எஸ்டேட் பெயரைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான். 3.2.25, காலை 7 மணி, மழை: இல்லை. அதை மாஷுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "கிடைத்தது. நாளையும் அனுப்பச் சொல்லுங்கள்."